செயற்கைச் சூரியனின் பின்புறம்

இயற்கையைப் பொருளாகக் கொண்ட கலை காலந்தோறும் எழுந்துள்ளது. ஆயின் ஒரு படைப்பு இயற்கையைக் காட்டும்பொழுது எதனைக் காட்டாது விடுகின்றது என்னும் வினாவை நாம் போதியளவு எழுப்பியதில்லை. மேலைநாடுகளிற் செல்வாக்குப் பெற்றுள்ள தாபனக் கலை இவ்வினாவைத் தவிர்க்கவியலாததாக்கியுள்ளது. சட்டகத்துள் அடங்கிய ஓவியத்தை எதிரே நின்று நோக்குவதற்குப் பதிலாக, ஓர் இடம் முழுவதையுமே படைப்பாக அமைத்துப் பார்வையாளரை அதனுட் புகவிடுவது இக்கலையின் இயல்பு. இத்துறையிற் பெரிதும் பேசப்பட்ட ஒரு படைப்பினை இங்கு நோக்குவோம்.

ஐஸ்லாந்துப் பெற்றோருக்கு 1967இற் கொப்பன்ஹேகனிற் பிறந்தவர் ஒலாபுர் எலியாசன். அவரது ‘வானிலைத் திட்டம்’ 2003 ஒக்டோபர் முதல் 2004 மார்ச் வரை இலண்டன் ரேற் மொடேர்ண் கலைக்கூடத்தில் இடம்பெற்றது. 155 மீற்றர் நீளமும் 35 மீற்றர் உயரமும் கொண்ட மண்டபத்தின் ஒரு கோடியில், ஏறத்தாழ 200 மஞ்சள் மின்விளக்குகள் அரைவட்டத் திரையொன்றின் பின்னே பொருத்தப்பட்டிருந்தன. கூரை முழுவதும் ஆடி பரப்பப்பட்டிருந்தது. அரைவட்டம் ஆடியிற் தெரிந்த தன் பிம்பத்தோடு கூடி முழுச் சூரியனாயிற்று. சர்க்கரையும் நீரும் கலந்த செயற்கை மூடுபனி எங்கும் பரவியது. அவ்விளக்குகளின் ஒளியில் மஞ்சளும் கருமையுமன்றி ஏனைய நிறங்கள் மறைந்தன. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனைக் காண வந்தனர்.

இப்படைப்பின் முதற்சிறப்பு அதன் நேர்மையாகும். பார்வையாளர் சூரியனின் பின்புறஞ் சென்று விளக்குகளையும் மின்கம்பிகளையும் காணமுடிந்தது. மாயை உண்டாக்கப்படும் முறை மறைக்கப்படவில்லை. இயற்கையெனத் தோன்றுவது மனிதர் ஆக்கியது என்பதைப் பார்வையாளர் தாமே கண்டறிந்தனர். பரவசமும் விழிப்பும் ஒன்றையொன்று அழிக்காது உடனிருக்கலாம் என்பதற்கு இது சான்று.

எனினும் அந்நேர்மை விளக்குகளின் பின்புறத்தோடு நின்றுவிடுகின்றது. அம்மண்டபம் எத்தகையது? எண்ணெயை எரித்து மின்சாரம் உற்பத்திசெய்து 1981இல் மூடப்பட்ட பாங்சைட் மின்னுற்பத்தி நிலையத்தின் சுழலிகள் இருந்த இடமே அது. வானிலையை மாற்றிய தொழில்யுகத்தின் உலைக்களத்திலேயே வானிலை காட்சிப்பொருளாயிற்று. இப்படைப்பு இடம்பெற்ற கண்காட்சித் தொடர் யூனிலீவர் என்னும் கம்பனியின் பெயரைத் தாங்கியது. அக்கம்பனியின் முன்னோடியான லீவர் நிறுவனம் 1911இற் பெல்ஜியக் கொங்கோவில் எண்ணெய்ப்பனைக் காடுகளுக்கு உரிமைபெற்றது என்பதும், அங்கு கட்டாய உழைப்பு வழங்கியது என்பதும் வரலாறு. கலைக்கூடத்துக்கோ பி.பி. எண்ணெய்க் கம்பனி 1990 முதல் 2017 வரை அனுசரணை வழங்கியது. விளக்கின் பின்னாலுள்ள கம்பி தெரிந்தது. கம்பியின் பின்னாலுள்ள மூலதனம் தெரியவில்லை.

இவ்விடத்தில் எமது மரபிலுள்ள ஓர் அளவுகோல் பயன்தரும். தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களுள் மரமும் புள்ளும் மாவும் மட்டுமன்றி, உணவும் தொழிலும் இடம்பெறுகின்றன. நிலத்தைக் கூறுமிடத்து, அதில் உழைத்து உண்டு வாழ்வோரையும் கூறவேண்டியிருந்தது. திணைக்கோட்பாட்டை இலட்சியப்படுத்துவது எமது நோக்கமன்று. ஆயினும் உழைப்பு நீக்கப்பட்ட இயற்கை முழுமையான இயற்கையன்று என்னும் உணர்வு அதிலுண்டு. எலியாசனின் சூரியன் எதனையும் விளைவிப்பதில்லை. அதன்கீழ் எவரும் உழைப்பதுமில்லை. அது ஓய்வுநேரத்தின் சூரியன்.

இவ்வளவோடு நிறுத்தி, இதனை முதலாளித்துவக் கேளிக்கையென ஒதுக்குவோமாயின் நாம் தவறிழைத்தவராவோம். ஏனெனிற் பார்வையாளர் வெறும் நுகர்வோராக இருக்கவில்லை. அவர்கள் தரையிற் படுத்து, கூரையாடியில் தம்மைத் தேடினர். முன்பின் அறியாதோர் கூடித் தம் உடல்களால் உருவங்கள் அமைத்தனர். ஈராக் மீது போர் தொடுக்கப்பட்ட 2003ஆம் ஆண்டின் நவம்பரில் அமெரிக்க சனாதிபதி புஷ் இலண்டனுக்கு வந்தபோது, அவரைத் திரும்பிச் செல்லுமாறு கூறும் சொற்களைச் சிலர் தம் உடல்களாலேயே அத்தரையில் எழுதினர். 2012இல் எண்ணெய் அனுசரணையை எதிர்த்த கலைஞர் குழுவொன்று, 16.5 மீற்றர் நீளமான காற்றாலைத் தகடொன்றைச் சுமந்துவந்து அதே மண்டபத்தில் வைத்தது. கலைஞன் விட்ட இடைவெளியை மக்கள் நிரப்பினர். அத்தகைய இடைவெளிக்கு இடந்தந்தமை ‘வானிலைத் திட்ட’த்தின் மெய்யான வெற்றியாகும்.

எலியாசனும் அங்கேயே நின்றுவிடவில்லை. கிறீன்லாந்தின் பனிப்பாறைகளினின்று உடைந்து கடலில் மிதந்த பனிக்கட்டிகளை, புவியியலாளர் மினிக் ரோசிங்குடன் இணைந்து, 2014இற் கொப்பன்ஹேகனிலும் 2015இற் பாரிசிலும் 2018இல் இலண்டனிலும் பொதுவெளியில் வைத்து உருகவிட்டார். பாரிசில் 12 கட்டிகள் கடிகார முகம்போல் வட்டமாக நின்றன. அவற்றை எடுத்துவந்ததால் வெளியேறிய கரியமிலவாயுவின் கணக்கும் வெளியிடப்பட்டது. தன் உற்பத்திச் செலவைத் தானே கூறும் படைப்பு முன்னையதிலும் ஒருபடி முன்னேறியதே. ஆனால் உருகுதலைத் தொட்டுணரச் செய்த அப்படைப்பும், உருக்குவோர் யாவர் என்பதைக் கூறவில்லை. ‘மனிதர்’ என்னும் பொதுச்சொல்லுள், எண்ணெயால் இலாபம் பெற்றோரும் வெள்ளத்தால் வீடிழந்தோரும் ஒருங்கே மறைந்துவிடுகின்றனர்.

இயற்கை சார்ந்த தாபனக் கலையை மதிப்பிடுமிடத்து, அது எத்துணை வியப்பூட்டுகின்றது என்பது முதல் வினாவாயினும் இறுதி வினாவன்று. வியந்தவர் வெளியேறும்போது எதனைக் கேட்கும் ஆற்றலைப் பெற்றுச் செல்கின்றார் என்பதே இறுதி வினா. சூரியனின் பின்புறத்தைக் காட்டிய கலை, அச்சூரியன் தொங்கிய கூடத்தின் பின்புறத்தையும் காட்டும் நாளை நாம் எதிர்பார்க்கின்றோம். அதுவரை அப்பணி விமரிசனத்தினுடையது.