முடிவில்லா வாய்தா

குற்றமும் மனநோயும் பற்றிப் பேச்சு வந்தால் ஃபூக்கோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறோம்: குற்றம் நடந்த நேரத்தில் ஆளுக்குச் சித்தம் தெளிவாக இருந்ததா, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மருத்துவருக்கா, நீதிபதிக்கா? அவசியமான கேள்விதான். ஆனால் பெரிய வன்முறை அந்தப் பதிலுக்குப் பிறகு, சத்தமில்லாமல் நடக்கிறது என்பது என் வாதம்.

1843இல் இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மக்நாட்டன், சித்தசுவாதீனமற்றவர் என்பதால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பாயிற்று. வீட்டுக்கா போனார்? 1865இல் சாகும்வரை அடைத்தே வைத்திருந்தார்கள். அவ்வழக்கையொட்டிப் பிறந்த விதிகள்தாம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவுக்கு அடிப்படை. விதியோடு பூட்டும் வந்து சேர்ந்தது.

அஸ்ஸாம் பழங்குடியினரான மச்சாங் லாலுங் கொடுங்காய வழக்கில் 1951இல் கைதானார். மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தன் வழக்கைப் புரிந்துகொள்ள முடியாதவரை விசாரிக்கக் கூடாது என்பது நல்ல நெறிதான். 1967இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை தொடங்கியதா? சிறைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். 2005இல் வெளியே வந்தபோது 54 வருஷம் போயிருந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இப்படி அடைபட்டவர்களைப் பற்றி மருத்துவமனைகள் அவ்வப்போது நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

யாரோ ஒரு குமாஸ்தாவின் மறதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. சட்டத்தின் வாசகத்தைப் படியுங்கள். சித்தம் தெளிந்த பிறகு விசாரணையை 'எப்போது வேண்டுமானாலும்' மீண்டும் தொடங்கலாம் என்கிறது 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 331ஆம் பிரிவு. எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போதுமே தொடங்காமலும் இருக்கலாம். 54 வருஷமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

2023இல் புதிய சட்டங்கள் வந்தன. மசோதாவில் 'மனநோய்' என்று எழுதி, பிறகு பழைய 'சித்தசுவாதீனமின்மை'க்கே திரும்பினார்கள். நாம் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த 'எப்போது வேண்டுமானாலும்' அப்படியே உள்ளே வந்துவிட்டது. உச்சபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதிக்கு ஜாமீன் என்ற சலுகையிலிருந்து, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களும் இப்போது விலக்கப்பட்டுவிட்டன. கொடிய ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவிப்பதும் அதில் ஒன்று. இன்று கைதாகியிருந்தால் லாலுங்குக்கு அந்தக் கதவும் சாத்தியதுதான்.

'வெளியே விட்டா இன்னொருத்தரை வெட்டிட்டா?' என்று கேட்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் குற்றமே செய்யாத நோயாளியை அவர் சம்மதமின்றி அனுமதிக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் முதலில் 30 நாள்தான் தருகிறது; அதற்கு மேல் மறுஆய்வு வாரியம் ஒப்ப வேண்டும். அவருக்குத் தேதி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் ஏன் கிடையாது?

நம் கோரிக்கை ஒரு எண்ணாக இருக்கட்டும். இத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆளை நீதிபதி நேரில் பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்துக்கு மேல் வழக்கு உயிரோடு இருக்கக் கூடாது. சிகிச்சை தேவையானால் அது நோயாளியாகவே தொடரட்டும், கைதியாக அல்ல.