அடைப்புக்குறிக்குள் ஒரு கல்விமரபு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தைத் தோல் பதனிடும் தொழிலைக்கொண்டு மட்டுமே அறிந்திருப்போர் பலர். அரபு மொழிப் புலமைக்கும் இஸ்லாமியச் சமயக் கல்விக்கும் இது பேர்பெற்ற நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷா அப்துல் வஹ்ஹாப் வேலூரில் தோற்றுவித்த பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாமும் இதற்குச் சான்று பகரும். அவற்றில் பட்டம் பெற்றோர் முறையே பாகவி, உமரி எனப்படுவர்.

இம்மரபின் கனிகளுள் தமிழறிந்த எவரும் கற்கத்தக்கது, மௌலானா ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பாகும். முதற்பகுதி 1929இல் வெளிவந்தது. முழுப்பணி 1940களில் நிறைவுற்றது. அரபு எழுத்திலேயே தமிழை எழுதிச் சமய நூல்கள் படைத்த வழக்கமுடைய சமுதாயத்திற்கு, அவர் தெளிவான தமிழ் உரைநடையை வழங்கினார். அதனால் பிற சமயத்தாருக்கும் வாயில் திறந்தது.

இந்நூலில் உடனே கண்ணிற்படுவது அடைப்புக்குறிகளின் மிகுதி. பேசுபவர் யார், கேட்பவர் யார், விடுபட்ட எழுவாய் எது என்பவற்றையெல்லாம் ஆசிரியர் குறிக்குள் இட்டு நிரப்புகிறார். இதைத் தமிழ்நடையின் தளர்ச்சி என்று தள்ளிவிடலாகாது. மஹல்லீ தொடங்கி ஸுயூத்தீ 15ஆம் நூற்றாண்டில் முடித்த ஜலாலைன் என்னும் விரிவுரை, மூலச்சொற்களுக்கு இடையிடையே சிறு விளக்கங்களைப் பொருத்திச் செல்வது. இந்திய மதரஸாக்களில் அது நெடுங்காலப் பாடநூல். இலக்கணம், தருக்கம், சட்டவியல், நபிமொழி ஆகியவற்றைக் கற்ற பின்னரே மறைக்கு உரை காண வேண்டும் என்ற ஒழுங்கின் சாயலை இக்குறிகளில் காணலாம்.

ஆயினும் குறை உண்டு. அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரியும், செவிக்குக் கேளாது. உரக்க வாசிக்கையில் உரையும் மூலமும் ஒன்றாகிவிடுகின்றன. மற்றொன்று: ரஹ்மான், ரஹீம் என்னும் திருப்பெயர்கள் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் அவை அருள், அன்பு என இரு வேறு சொற்களாகப் பிரிந்து, அவ்வொருமை மறைகிறது. எபிரெயம் பயின்றோர் இவ்வேரை அறிவர்: ரெஹெம் கருப்பை, ரஹமீம் இரக்கம். இவ்விழப்பு பாகவிக்கு மட்டும் உரியதன்று; தமிழில் பெயர்ப்போர் யாவரும் எதிர்கொள்வது.

இக்குறைகளைச் சுட்டுவது நம் பொறுப்பை மிகுவிக்கவே. இவ்வட்டாரத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நிறுவிய நம் சபைகள், அடுத்த தெருவின் கல்விமரபை ஆங்கில நூல்கள் வாயிலாகவே பெரிதும் அறிந்துள்ளன. மொழிபெயர்ப்பிலிருந்து ஒரு வரியைப் பிரித்தெடுத்து, குறிக்குள் இருப்பதையும் மூலமென மேடையில் கூறுவது, பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளைக்கு மாறானது. நம் திருமறைப் பதிப்பின் இடைத்தலைப்பைப் பவுலின் சொல்லென ஒருவர் மேற்கோள் காட்டினால் நாம் ஏற்போமா?

எபிரெய இலக்கணம் கற்ற இறையியல் மாணவருக்கு அரபு முற்றிலும் அந்நியமன்று. மூவெழுத்து வேர் என்னும் திறவுகோல் அவர் கையில் ஏற்கெனவே உண்டு. ஒரு பாகவியிடமோ உமரியிடமோ மாணவராக அமர்ந்து, சிறியதோர் அத்தியாயத்தையேனும் உரையுடன் கற்பாராக. சமய உரையாடல் குறித்த நம் கட்டுரைகள் அதன்பின் எண்ணிக்கையில் குறையலாம், நேர்மையில் வளரும்.