புள்ளிராஜா சரி, அவர் மனைவி?

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்வி: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" வேலூர் லாங் பஜாரில் மூட்டை தூக்குறவர், ஆம்பூர் டேனரித் தொழிலாளி, லாரி கிளீனர்னு எல்லாருக்கும் புரியுற விளம்பரம். எய்ட்ஸ் பேச்சை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனது அதோட சாதனை.

ஆனா அது ஒரு ஆளைப் பத்தின கேள்வி. பேர் சீக்கிரமே கேலிப்பட்டம் ஆயிடுச்சு. கேலி பண்றவனுக்கு 'நான் புள்ளிராஜா இல்லை'ன்னு ஒரு நிம்மதி. கிருமியோ ஆளோட குணத்தைப் பார்ப்பதில்லை; ஆணுறை இருந்ததா என்பதுதான் விஷயம்.

2006-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில், 15–24 வயதுக் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. 2000-ல் 1.7 சதவீதம், 2004-ல் 1.1. பாலியல் தொழிலாளர்களிடம் போகும் ஆண்கள் ஆணுறைக்கு மாறியதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கவனிங்க: ஆண்களோட நடத்தை மாறியதுக்கு நம்மகிட்ட இருக்கும் சாட்சி பெண்களோட ரத்தப் பரிசோதனை. அந்தப் பெண்களுக்கு விளம்பரத்துல பேரே கிடையாது. வெளியே ஆணுறை பழகியவர்கிட்ட வீட்டுக்குள்ள மனைவி அதைக் கேட்டா, சந்தேகப்படுறாள்னுதான் ஆகும். அதை எப்படிக் கேட்கிறதுன்னு சொல்லித்தர ஒரு விளம்பரம் வந்திருக்கணும்.