சூலையும் திருவலகும்: பெரியபுராணத்தில் துன்பத்தின் பொருள்

அப்பரடிகள் வாழ்வில் சூலைநோய் பெறும் இடம் சைவ இலக்கிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்ட ஒன்றாகும். துன்பத்தை இறைவனின் அழைப்பாகக் காணும் சமயப் பார்வைக்குத் தமிழில் இதனைவிடத் தெளிவான சான்று அரிது என்பர். ஆயின் அப்பார்வை எந்தப் பனுவலில் உள்ளது என்று வினவும்போது சிக்கல் எழுகிறது. நான்காம் திருமுறையின் முதற்பதிகம் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. சேக்கிழாரின் புராணம் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளை மறந்து இரண்டையும் ஒரே குரலாகப் படிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

பதிகத்தைத் தனியே படித்தால் அங்கு ஒலிப்பது நன்றியன்று; முறையீடு. வயிற்றினுள் குடரோடு பிணைந்து முடக்கும் வலியை நோயாளியே விவரிக்கிறார். தாம் செய்த கொடுமை எதுவென்று அறியேன் என்கிறார். முன்னர்த் தம் அறியாமையால் இறைவன் முனிந்து வருத்தியதாக ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். உடனேயே, அடைந்தவரின் வினையைத் தீர்ப்பது மேலோரின் கடனன்றோ என உரிமையோடு வினவுகிறார். ஆட்செய்து வாழத் துணிந்த வேளையில் சூலை சுடுகிறதே என்பது அவரது முறையீடு. இங்கு நோய் தொண்டிற்கு வாயில் அன்று, தடை. நீரும் பூவும் தூபமும் தமிழிசையும் தாம் மறந்ததே இல்லை என்று அவர் கூறுவது சமண வாழ்வு பற்றிய வரலாற்றோடு பொருந்தாமை அறிஞரை இடர்ப்படுத்திய செய்தி. உரைகள் அதற்குப் பல அமைதி கூறுகின்றன. வலியின் நடுவே பேசுபவர் தம் வரலாற்றை ஒழுங்குபடுத்திச் சொல்வார் என நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும் என்பதே என் ஐயம்.

ஒழுங்கைத் தருபவர் சேக்கிழார். தம்பியின் பொருட்டு வேண்டும் திலகவதியாரிடம் இறைவன் கனவில் தோன்றி, முற்பிறப்பில் முனிவராய்த் தவம் செய்த அவரைச் சூலை தந்து ஆள்வதாக உரைக்கிறார். ஆகவே நோய் தொடங்கும் முன்பே அதன் நோக்கம் கேட்போருக்குத் தெரிந்துவிடுகிறது. நோயாளி மட்டுமே அறியாதவர். பாடலிபுத்திரத்துச் சமணர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பயனற்றுப்போகும் காட்சி இந்நோக்கத்திற்குச் சமயப் பூசலின் கூர்மையையும் சேர்க்கிறது. நோய் நீங்கியபின், இவ்வாழ்வைப் பெறத் தந்த சூலைக்குத் தாம் என்ன கைம்மாறு செய்ய இயலும் என நாவுக்கரசர் தொழுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். தவிர்த்தருள வேண்டும் என்று பதிகம் இரந்த அதே நோய் புராணத்தில் வணங்கத்தக்கதாகிறது. இம்மாற்றத்தைப் பொய்யென ஒதுக்க வேண்டியதில்லை. வலி கடந்தபின் திரும்பிப் பார்ப்பவர் அதற்குப் பொருள் காண்பது இயல்பே. ஆனால் திரும்பிப் பார்ப்பவரின் சொல்லை வலியில் கிடப்பவரின் வாயில் வைப்பது திறனாய்வாகாது.

இதே புராணத்தில் இன்னொரு துன்பமும் உண்டு. முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பயின்ற ஆண்டில் எங்களுக்கு அதுபற்றி ஒரு வினாவும் எழவில்லை. தந்தை புகழனார் நோயால் இறக்கிறார். தாய் மாதினியார் அவரைத் தொடர்கிறார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மடிகிறார். திலகவதியார் இழந்த மூவருக்கும் கனவில் விளக்கம் வரவில்லை. முற்பிறப்புக் காரணம் சொல்லப்படவில்லை. அவர் உயிர்விடத் துணிந்தபோது தடுத்ததும் இறைவன் அல்லன். காலில் விழுந்து அழுத தம்பி மருணீக்கியாரே. அவர் உளராக வேண்டும் என்ற தயை ஒன்றே திலகவதியாரை இருக்கச் செய்கிறது. அணிகளைத் தாங்காது எவ்வுயிர்க்கும் அருளைத் தாங்கி, மனையிலேயே தவமிருந்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். கெடிலக் கரையிலுள்ள திருவதிகையை அவர் அடைவது, அத்தம்பியும் சமணம் சார்ந்து அகன்ற பின்னரே. அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் என நாள்தோறும் செய்யும் சிறுபணிகளால் தம் இழப்புக்குப் பின்னான வாழ்வை அவர் அமைத்துக்கொள்கிறார்.

நம்பிக்கையின்வழித் துன்பத்திற்குப் புனித நோக்கம் காணுதல் என்பது இவ்விரு நிலைகளையும் தழுவியது. ஒன்றில் நோக்கம் மேலிருந்து அறிவிக்கப்படுகிறது. மற்றொன்றில் அது கைகளால் உழைத்துப் பெறப்படுகிறது. சூலை வரலாற்றையே முழு இலக்கணமாகக் கொண்ட வாசிப்பு, காரணம் கூறப்படாத துயரை இலக்கணத்திற்குப் புறம்பாக்கிவிடுகிறது. அறுபத்துமூவர் வரிசையில் திலகவதியார் இடம்பெறாமையும் அவ்வாசிப்பிற்குத் துணைசெய்திருக்கலாம். தொகையடியார் பட்டியல் சுந்தரருடையது; அதில் சேக்கிழாருக்குக் கைவைக்க இயலாது. எனினும் நாவுக்கரசர் புராணத்தின் தொடக்கத்தை ஏறத்தாழத் தமக்கையின் வரலாறாகவே அவர் அமைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

நோயோடு இரவில் வந்தடைந்த தம்பிக்கு ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளிக்கிறார் திலகவதியார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சி வேளையில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுகிறார். அது அவர் அன்றாடம் செல்லும் பணி; நோயாளிக்கெனத் தனியாக எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. தம்பி அவரைத் தொடர்கிறார். பதிகம் பிறப்பது அங்கே. பிற்காலத்தில் ஊர்தோறும் உழவாரப்படையுடன் கோயில் முற்றங்களைச் செதுக்கியவர் நாவுக்கரசர். அப்படையை அவர் ஏந்தியதன் காரணத்தைச் சூலையில் தேடும் நாம், அன்று விடியலில் முன்னே சென்ற அலகையும் நோக்க வேண்டும்.