முப்பத்தோராம் நாள்

மாரெட்பள்ளி மாதிரியான பேட்டையில் ஒரு வீட்டுப் பையன் ஒரு மாதம் கண்ணில் படவில்லை என்றால், அக்கம்பக்கத்துக்குச் சொல்ல இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஆபீஸில் ட்ரெயினிங் என்பார்கள். இல்லாவிட்டால் ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். கன்டோன்மென்ட் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். இவர் வீட்டுக் கதை அவருக்கும் அவர் வீட்டுக் கதை இவருக்கும் தலைமுறையாகத் தெரியும். அதனாலேயே, குடியை நிறுத்த அவனை ஒரு மையத்தில் சேர்த்திருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிலர் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கே கூட்டிப் போய்விடுகிறார்கள். தமிழில் பேசுவார்கள் என்பது ஒரு காரணம், கண்மறைவு இன்னொரு காரணம்.

தங்கிச் சிகிச்சை பெறும் முறையின் பெரிய கவர்ச்சி இந்தக் கண்மறைவுதான். அதன் பெரிய பலவீனமும் அதுவே என்பது என் கட்சி. குடும்பம் காசு கொடுத்து வாங்குவது பல நேரங்களில் ஒரு மாத நிம்மதியை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்கில் நடுராத்திரியில் எழுந்து கதவைத் திறந்துவிட்ட அம்மாவுக்கு முப்பது நாள் தூக்கம் என்பது சின்ன விஷயமா? ஆனால் அவள் தூங்கினாள் என்பதற்காக அவன் குணமாகிவிட்டான் என்று ஆகிவிடாது.

இந்த முறையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்குச் சித்தம் கலங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் வாசலில் யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. 'மனசு வச்சா நாளைக்கே விட்டுடலாம்' என்று புத்தி சொல்லும் மாமாக்களுக்கு இது தெரியாது.

ஹைதராபாத்தில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. தெலங்கானாவின் கள்ளு காம்பவுண்டுகள் பலவற்றில் விற்பது மரத்திலிருந்து இறங்கிய கள் மட்டும் இல்லை. குளோரல் ஹைட்ரேட், டயாஸெபம், அல்பிரஸோலம் கலந்த சரக்கு. குடிப்பவர் தன்னைக் கள் குடிப்பவராகத்தான் நினைத்துக் கொண்டிருப்பார். உடம்போ தூக்க மாத்திரைக்குப் பழகியிருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து காம்பவுண்டுகள் மூடியதும், எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்குக் கையும் காலும் நடுங்க, பிதற்றிக்கொண்டு வந்தவர்களின் கூட்டம் அந்த உண்மையை ஊருக்குக் காட்டியது. 2025 ஜூலையில் கூகட்பள்ளி வட்டாரத்தில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். அல்பிரஸோலம் வகை மருந்தை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மருத்துவர் கணக்குப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு மோர் கொடுத்துச் சமாளிக்க முடியாது. கட்டில் வேண்டும், இரவில் விழித்திருக்கும் நர்ஸ் வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விவரம். நடுக்கத்தோடு வருபவருக்குத் தெருமுனைக் கிளினிக்கில் உடனே குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிடுவார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடித்தே கிடந்த உடம்பில் தயமின் என்கிற பி1 சத்து வற்றிப் போயிருக்கும். அந்தச் சத்தை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடி, ஞாபகமே போய்விடக்கூடும். நல்ல மையத்தையும் வெறும் பூட்டு போட்ட வீட்டையும் பிரித்தறிய இந்த ஒரு கேள்வி போதும்: வந்த அன்று என்ன ஊசி போடுவீர்கள்?

இரண்டாவது பலம், கூட்டம். நடுக்கம் அடங்கியதும் நாள் ஒரு ஒழுங்குக்கு வரும். விடியற்காலை டீ, கொஞ்சம் உடற்பயிற்சி, பிரார்த்தனை, பிறகு வட்டமாக உட்கார்ந்து 'ஷேரிங்'. பெண்ணின் ஸ்கூல் ஃபீஸை எடுத்துக் குடித்ததை ஒரு வங்கி அதிகாரி சொல்வார். எதிரே இருக்கும் ஆட்டோ டிரைவர் தலையை ஆட்டுவார், அவரும் அதைச் செய்திருப்பார். வீட்டில் இருபது வருடம் அழுது கேட்டும் வராத உண்மை அங்கே வரும். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் கண்டுபிடிப்பு இது. அதன் பன்னிரண்டு படிகளை மருத்துவத்தோடு சேர்த்து ஒரு மாதத் தங்கலாக்கியது மின்னசோட்டா முறை. 1949இல் தொடங்கிய ஹேஸல்டன் மையம் அதன் நாற்றங்கால். தமிழ்நாட்டில் அந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதனை 1979இல் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டே கணவர் பெயரில் சென்னையில் தொடங்கிய அமைப்புதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. குடிப்பவரோடு மனைவியோ அம்மாவோ வந்து பாடம் கேட்க வேண்டும் என்பது அங்கே சிகிச்சையின் பகுதி. நம் ஊருக்கு மிகவும் பொருந்தியது அதுதான் என்பேன்.

இனிக் குறைகள். அட்மிஷனிலேயே தொடங்குகின்றன. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும். நாலு ஆட்கள் இறங்கி, தூங்குபவனை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். இதற்குப் 'பிக்கப்' என்று பெயர், தனிக் கட்டணமும் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் துறையினரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும்; அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையோ, தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையோ இருக்க வேண்டும்; அதுவும் முதல் கட்டமாக முப்பது நாள்வரைதான். சங்கிலி போடக்கூடாது, கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது, போன் பேசும் உரிமை உண்டு என்றெல்லாம் அதே சட்டம் சொல்கிறது. பிக்கப் வண்டியில் வருபவர்கள் இதில் எதைக் கேட்டார்கள்?

உள்ளே ஊழியராக இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே சிகிச்சை பெற்று நின்றவர்கள், 'சீனியர்கள்'. குடிப்பவனின் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். அது பெரிய பலம். பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் அதே சீனியர் கையில் சாவியும் தடியும் இருக்கும். 2022இல் சென்னை ராயப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி, மையத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். ஆஸ்பத்திரியில் அடிபட்டுச் செத்தான் என்றால் ஊரே கொதிக்கும். ரிஹாபில் என்றால், 'அவன் என்ன பண்ணானோ' என்று ஒரு இழுவை வருகிறது. அந்த இழுவைதான் இந்த மையங்களின் உரிமம்.

மருந்து விஷயத்திலும் கோணல் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு நிற்பது நிற்பதே இல்லை என்று போதிக்கும் மையங்கள் உண்டு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்க உதவுகின்றன என்பது நிறுவப்பட்டது. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதையில் இந்த வறட்டுப் பிடிவாதம் கொலைக்குச் சமம். ஒரு மாதம் உள்ளே இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இன்னொரு பக்கம், டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடி செய்து அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் வீடுகள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து நெஞ்சு படபடக்கும். சொல்லாமல் கொடுக்கக்கூடிய மருந்தே அல்ல அது.

பெண்களைப் பற்றி ஒரு வரிதான்: அவர்களுக்கென்று இருக்கும் இடங்கள் மிகக் குறைவு, குடும்பம் அவர்களைச் சேர்ப்பதும் குறைவு.

சரி, இத்தனை செலவும் பூட்டும் எல்லோருக்கும் தேவைதானா? 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்தது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். கட்டில் போட்டு மாளாது. கோவாவில் சங்கத் அமைப்பு நடத்தி 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் நாலு அமர்வு வரை பேசினார்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 26. முற்றிய அடிமை நிலைக்கு முந்தைய கட்டத்தில் இருந்த ஆண்கள் அவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், ஏ.ஏ. வழியில் ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், பிற உளவியல் சிகிச்சைகளில் 35. ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது.

திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் டி.டி.கே. அமைப்பு 1989இலிருந்து நடத்திய முகாம்கள் எனக்கு இதைவிடப் பெரிய பாடம். பதினைந்து நாள், ஊருக்குள்ளேயே ஒரு கட்டடம், ஊர்ப் பெரியவர்கள் துணை, பின்னர் அதே ஊரில் தொடர்ந்து கவனிப்பு. குடித்தவன் யார் என்று ஊருக்குத் தெரியும். நிறுத்தியவன் யார் என்பதும் தெரியும். மாரெட்பள்ளியில் நாம் மறைக்கப் பாடுபடுவதை அந்த ஊர் மருந்தாக்கிக் கொண்டது. நகரத்து அபார்ட்மெண்டில் அதை அப்படியே செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் அதைப் பெரிய பாடம் என்று நான் சொல்லக் காரணம் முப்பத்தோராம் நாள். பையன் தெளிந்த முகத்தோடு வீடு திரும்புகிறான். தெரு அதேதான்: திருப்பத்தில் வைன்ஸ் என்கிற மதுக்கடை, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கப் பர்மிட் ரூம். போனில் அதே நண்பர்கள். சம்பள நாள் வரும், கல்யாணப் பார்ட்டி வரும். வீட்டில் சட்டைப்பையைத் துழாவும் மனைவி, பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டும் அப்பா. கோபமாக இருந்தாலும் 'குடிச்சியா', சந்தோஷமாக இருந்தாலும் 'குடிச்சியா'. உள்ளே முப்பது நாள் அவன் கற்றதற்கெல்லாம் இங்கேதான் வேலை. மையம் அப்போது என்ன செய்கிறது? பல இடங்களில் ஒன்றும் செய்வதில்லை. 'வாரம் ஒரு தடவை வாங்க' என்று சொல்லி அனுப்புவதோடு சரி. மறுபடி குடித்துவிட்டால், அதாவது 'ஸ்லிப்' ஆனால், முழுக் கட்டணத்தில் மறுபடி அட்மிஷன். நின்றால் மையத்தின் பெருமை, விழுந்தால் அவன் மனஉறுதியின் குறை என்று கணக்கு எழுதும் தொழிலில், விழுவதைத் தடுக்க யாருக்கு அவசரம்? காப்பீடும் கைகொடுக்காது, மனநோய்க்கு இடம் கொடுக்கும் பாலிசிகளிலேயே குடி, போதைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருப்பது வழக்கம்.

என் தீர்ப்பு இதுதான். வலிப்பு, கலப்படக் கள், தற்கொலை எண்ணம், அடிதடி என்று ஆபத்து இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். மருத்துவர் இருக்கும் இடத்தில், தேவைப்படும் நாள்கள் மட்டும். மற்றவர்களுக்கு வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் ஏ.ஏ. கூட்டமும் முதலில் வரட்டும். 28 நாள், 90 நாள் பேக்கேஜ் என்ற கணக்குகளில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு லட்சம் செலவழிக்க முடிந்த குடும்பம் அதில் பாதியை அடுத்த ஓராண்டுக் கவனிப்புக்கு ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

யோசித்துக் கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுமுன் மையத்துக்குள் போய்ப் பாருங்கள். படுக்கையறைவரை விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மருத்துவர் பெயரையும் அவர் வரும் நேரத்தையும் கேளுங்கள். இரண்டாம் மாதம் யார் போன் செய்வார்கள் என்று கேளுங்கள். செகந்திராபாத் ஈஸ்டில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டையில் மாறினால் எர்ரகட்டா வந்துவிடும். அரசு மருத்துவமனை என்று முகம் சுளிக்காமல் ஒருமுறை அங்கே காட்டுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.