சாவி கொடுத்துப் பார்த்து விலை பேசுக

சேர்வராயன் மலையில் காக்பர்ன் துரை 1820களில் காப்பிச் செடியை ஊன்றிய காலந்தொட்டு, தோட்டத் துரைமார்களோடு மலையேறி வந்த சாமான்களுள் பல, அவர்கள் கப்பலேறிய பின்னும் கீழே இறங்காமலே தங்கிவிட்டன. தலைச்சோலைப் பக்கத்துப் பங்களா ஒன்றின் பின்கட்டில், விறகுக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவே, சென்ற மார்கழியில் நான் கண்ட கிராமபோன் பெட்டியும் அத்தகையதே. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் கம்பெனியார் 1931இல் வெளியிடத் தொடங்கிய 102ஆம் மாடல். கறுப்பு உறை போர்த்த கைப்பெட்டி. வீட்டுக்காரர், "என்ன பெறும், சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அதே மாடலை, ஆறு மாதத்துக்கு முன்பு இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு சிநேகிதர் வீட்டில் புரட்டிப் பார்த்தவன் நான்.

இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. ஆயினும் இரண்டையும் ஒரே கண்ணால் மதிப்பிடலாகாது என்பது பிற்பாடு எனக்கு விளங்கிற்று.

இந்தியாவில் இந்த யந்திரத்தின் சரித்திரம் நீண்டது. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்த கம்பெனி, 1908இல் சியால்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை வைத்தது. 1928இல் டம்டம்மில் அதைவிடப் பெரிய ஆலை எழுந்தது. ஆகவே யந்திரமும் உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் ஊருக்கு ஊர் பெருகினர். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரை, பழைய பிளேட்டுகளைத் தேடி அங்கே அலைந்தோர் அநேகர். இந்தச் செழிப்பே ஆரம்ப சேகரிப்பாளருக்குச் சங்கடமும் ஆயிற்று. ஒன்றின் மோட்டார், மற்றொன்றின் கை, மூன்றாவதன் மூடி என ஒட்டுப்போட்ட பெட்டிகள் ஏராளம். அதைவிடப் பெரிய மோசம் புனல் வைத்த 'புராதன' கிராமபோன்: பளபளக்கும் புதுப் பித்தளைப் புனல், எண்கோண மரப்பெட்டி, முகப்பில் நாயின் படம் பொறித்த தகடு, உள்ளே திறந்தால், உடைந்த கைப்பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டார். பம்பாய் சோர் பஜார் வழியாக உலகெங்கும் போயிருக்கும் இச்சரக்கு வரவேற்பறைக்கு அலங்காரமாகலாம், சேகரிப்புக்கு ஆகாது.

இலங்கையின் நிலைமை வேறு. 78 சுற்றுத் தட்டுகளின் காலத்தில் அங்குள்ளோர் கேட்டவை பெரும்பாலும் டம்டம்மில் அச்சானவை. யந்திரமோ முழுக்க முழுக்க இறக்குமதி. கொழும்பில் 1920களில் என்ஜினியர் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்பிலும் கிராமபோன் சங்கீதந்தான் ஒலித்தது என்பதை நினைக்க, அதன் மீது அந்நாட்டாருக்கு இருந்த அபிமானம் புலப்படும். வீட்டுச் சாமான் ஏலத்திலோ, அம்பலாங்கொடைப் பக்கத்துப் பழம்பொருள் கடையிலோ வரும் பெட்டி, நான் கண்டவரையில், பிறந்த மேனியாகவே இருக்கிறது. ஆனால் கடற்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து, கைச்சாவி தொலைந்து, ஊசியைத் தாங்கும் சவுண்டு பாக்ஸின் ரப்பர் கல்லாக இறுகிப்போயிருக்கும். ஹட்டன் சிநேகிதர் ஸ்பிரிங்குக்காகச் சென்னைக்கு எழுதிக் காத்திருந்தார். ஆகையால் இந்தியாவில் வாங்குபவன் 'இது அசலா?' என்று கேட்க வேண்டும். இலங்கையில் வாங்குபவன் 'இதில் என்ன குறை, அதை நிரப்ப எவ்வளவு ஆகும்?' என்று கேட்டு, அச்செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும்.

சேலத்தில் ஒரு முதிய மெக்கானிக் எனக்குக் கற்றுத் தந்த சோதனை இரு கரைக்கும் பொருந்தும். "பெட்டியோட அழகைப் பாக்காதீங்க சார், சாவியைச் சுத்துங்க" என்றவர், தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினார். எழுபத்தெட்டு வர வேண்டும். பத்து அங்குலப் பிளேட்டின் ஒரு பக்கம், சுமார் மூன்று நிமிஷம், குரல் தொய்யாமல் ஓட வேண்டும். இடையில் 'டக்'கென்ற சத்தம் கேட்டால் ஸ்பிரிங்கில் கோளாறு. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அதற்கு மருந்தில்லை. 102க்கு முந்திய 101ஆம் மாடலில் 4ஆம் எண் சவுண்டு பாக்ஸ் இல்லாவிட்டால், யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்க. ஓடாத பெட்டிக்கு, ஓடும் பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது என் அபிப்பிராயத்தில் வீண்.

சட்டத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருளுக்குரிய வயது நூறு ஆண்டு. 1925இல் வெளிவந்த 101ஆம் மாடல் இப்போதுதான் அவ்வயதை எட்டுகிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே தொல்பொருள் என்றது. எடிசன் போனோகிராபைக் கண்டதே 1877இல் என்பதால், எந்தக் கிராமபோனும் அதற்குள் அடங்கியிராது. ஆனால் இந்தியாவிலிருந்து பழைய பெட்டியைக் கடல் கடத்த எண்ணுவோர் முதலில் தொல்லியல் துறையாரைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

பங்களாக்காரருக்கு இன்னும் நான் விலை சொல்லவில்லை. நீங்கள் எங்கேனும் விலை பேசப் போனால், ஒரு பழைய பிளேட்டும் ஒரு பொட்டலம் புது ஊசியும் கையோடு கொண்டுபோங்கள். போட்டுக் காட்டத் தட்டில்லையே என்று சொல்லக் கடைக்காரருக்கு இடம் வைக்காதீர்கள்.