விங்கர் காப்பாளரானபோது: மைக்கேல் சூசைராஜை முன்வைத்து

கால்பந்தில் பக்கவாட்டில் ஆடுவோர் இரு வகையினர். பின்வரிசையில் நின்று தடுப்பவர் ஃபுல்பேக். முன்னே கோட்டையொட்டி ஓடிப் பந்தை உள்ளே அனுப்புபவர் விங்கர். இந்தப் பிரிவினை இன்று மங்கிவருகிறது. 2018–19 பிரீமியர் லீக்கில் லிவர்பூலின் ஃபுல்பேக்குகளான அலெக்சாண்டர்-அர்னால்டு 12 கோல்களுக்கும் ராபர்ட்சன் 11 கோல்களுக்கும் உதவினர். முன்பு விங்கர்களிடம் எதிர்பார்த்த பணி இது.

இதன் மறுபக்கத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜின் ஆட்டத்தில் காணலாம். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் அவர் தாக்குதல் ஆட்டக்காரர். 2019–20 பருவத்தில் ஏடிகே அணியின் பயிற்சியாளர் அன்டோனியோ ஹபாஸ் 3-5-2 அமைப்பில் அவரை இடப்பக்க விங்பேக் ஆக்கினார். வலப்பக்கம் பிரபீர் தாஸ். பந்து கையிலிருந்தால் இருவரும் விங்கர்கள்; இழந்தால் பின்னிறங்கி, மூவர் காப்பை ஐவர் காப்பாக்குவார்கள். 2020 மார்ச் 14 அன்று கோவாவில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில், ஏடிகே 3-1 என்ற கணக்கில் சென்னையின் எஃப்சியை வென்று கோப்பையைப் பெற்றது.

வெற்றி கிடைத்ததால் மட்டும் இம்மாற்றம் எல்லாவிதத்திலும் சரி என்றாகிவிடாது. அணிக்குக் கிடைத்தது சமநிலை. ஆட்டக்காரர் இழந்தது, எதிரியின் கோல் அருகே நிற்கும் நேரம். அறுபது எழுபது மீட்டர் பின்னோடி வந்தவர், மீண்டும் முன்னேறி ஒருவரை ஏமாற்றிக் கடக்க மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். அவர் திரும்ப ஓரிரு நொடி தாமதித்தாலும், அவர் விட்டுச்சென்ற இடமே எதிரணிக்கு வழியாகும். ஆகவே விங்பேக்கைக் கோல் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது பிழை. அவர் மூடிய வழிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திருத்தணிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் வேகமாக ஓடும் பையனை ஓரத்தில் முன்னே நிறுத்துவோம். ஆடத் தெரியாதவனைப் பின்னே அனுப்புவோம். ஆசிரியனாக நானும் அப்படிச் செய்தவன்தான். இன்றைய ஆட்டம் அந்தப் பழக்கத்தைத் தவறென்று காட்டுகிறது. பின்னே நிற்பவனுக்குப் பந்தைக் கடத்தவும், முன்னே ஓடுபவனுக்குத் தடுக்கவும் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும். இரண்டையும் கற்றவனுக்கு அணி மாறினாலும் பயிற்சியாளர் மாறினாலும் ஆட இடம் இருக்கும்.